டிகிரி கையில்... லைசென்ஸ் எங்கே? வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ் படிப்பவர்கள் ஊர் திரும்பியதும் ஏற வேண்டிய 4 படிகள்!

நீட் ரிசல்ட் வந்த மறுநாளே செல்போனில் அந்த விளம்பரங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். பனி மூடிய ஒரு பெரிய கட்டடம், வெள்ளை கோட் அணிந்து சிரிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், பின்னணியில் ஒரு குரல்... 'நீட் பாஸ் போதும். டொனேஷன் கிடையாது. சவுத் இந்தியன் சாப்பாட்டுடன் ஹாஸ்டல். 6 வருடத்தில் உங்கள் பிள்ளை டாக்டர்!'

முதல் மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். சிக்கல் கடைசி வரியில்தான். 6 வருடத்தில் கிடைப்பது மருத்துவப் பட்டம். இந்தியாவில் ஒரு நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்து, மருந்துச் சீட்டு எழுதித் தர வேண்டும் என்றால், அந்தப் பட்டம் மட்டும் போதாது. அதற்கு இங்கே மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் வேண்டும். பட்டத்துக்கும் பதிவு எண்ணுக்கும் நடுவில் ஒரு தேர்வும், ஒரு வருடப் பயிற்சியும், கூடவே ஏகப்பட்ட விதிகளும் இருக்கின்றன.

இதை விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொண்டவர்கள் ஒரு ரகம். பட்டத்தோடு சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பிறகு தெரிந்துகொள்பவர்கள் இன்னொரு ரகம். அந்த இரண்டாவது ரகத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் வெளிநாடு போகிறார்கள்?

கணக்கு எளிது. 2025-ம் ஆண்டு நீட் தேர்வை எழுதியவர்கள் 22 லட்சம் பேருக்கு மேல். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் அதிகம். நாடு முழுக்க உள்ள எம்.பி.பி.எஸ் இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம்தான். அதில் சுமார் பாதிதான் அரசுக் கல்லூரிகளில். மீதி தனியாரில்.

அந்த ஆண்டு பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 144. அதை எடுத்தால் 'நீட் பாஸ்'. ஆனால், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க அதைவிட எத்தனையோ மடங்கு கூடுதல் மதிப்பெண் வேண்டும். தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீடு என்றால் படிப்பு முடிவதற்குள் செலவு அரைக்கோடியைத் தாண்டும். ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் இதைவிடக் குறைந்த செலவில் படித்துவிடலாம் என்றுதான் ஏஜென்ட்டுகள் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

பிள்ளைக்கு டாக்டராகும் ஆசை. அப்பாவிடம் ஊரில் ஒரு மனை. அம்மாவிடம் கொஞ்சம் நகை. மீதிக்கு வங்கிக் கடன். பல குடும்பங்கள் இப்படித்தான் முடிவெடுக்கின்றன. இதில் தவறு எதுவும் இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து நம் ஜி.ஹெச்களிலும் தனியார் மருத்துவமனைகளிலும் நன்றாகப் பணியாற்றும் டாக்டர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் ஏறிவந்த படிகளை விளம்பரங்கள் காட்டுவதில்லை.

அந்த 4 படிகள் எவை?

முதல் படி, நீட். 2018 முதல், வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகும் இந்தியர்களும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். தகுதி பெறாமல் போய்ப் படித்துவிட்டு வந்தால், திரும்பி வந்து உரிமத் தேர்வே எழுத முடியாது.

இரண்டாவது படி, படிப்பு. அது இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி) வகுத்திருக்கும் விதிகளுக்குப் பொருந்த வேண்டும். எந்த நாட்டில் படித்தாலும் இந்த விதிகள்தான் கணக்கு.

மூன்றாவது படி, எஃப்.எம்.ஜி.இ. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான ஸ்கிரீனிங் தேர்வு. 2002 முதல் நடந்துவருகிறது. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் மற்றும் டிசம்பர் பருவங்களுக்கு நடத்தப்படுகிறது.

நான்காவது படி, இந்தியாவில் ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக வேலை செய்வது. நம் ஊரில் 'ஹவுஸ் சர்ஜன்' என்று சொல்வோமே, அதுதான். இதை முடித்த பிறகுதான் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு கிடைக்கும்.

அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 5 நாடுகளில் படித்து, அங்கேயே மேற்படிப்பும் முடித்து, அங்கே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதியும் பெற்றவர்களுக்கு ஸ்கிரீனிங் தேர்விலிருந்து விலக்கு உண்டு. மற்ற எல்லோரும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம். ரஷ்யா போன்ற பல நாடுகளில் தரப்படும் பட்டத்தின் பெயர் 'எம்.டி'. நம் ஊரில் எம்.டி என்றால் மேற்படிப்பு. அந்த எம்.டி அப்படியல்ல, நம் எம்.பி.பி.எஸ்ஸுக்கு இணையான அடிப்படைப் பட்டம் அது. 'எங்கள் கல்லூரியில் நேரடியாக எம்.டி' என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டு மயங்க வேண்டாம்.

300 கேள்விகள்... 150 எடுத்தால் பாஸ்!

கேட்டால் எளிதாகத்தான் தெரியும். மொத்தம் 300 கேள்விகள். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஒரே நாளில் இரண்டு பகுதிகளாக, பகுதிக்கு 150 கேள்விகள், 150 நிமிடங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. 150 எடுத்தால் தேர்ச்சி. தரவரிசை இல்லை, போட்டி இல்லை. எத்தனை பேர் 150-ஐத் தொட்டாலும் அத்தனை பேரும் பாஸ்.

ஆனாலும் முடிவுகள் எப்படி இருக்கின்றன? 2023 ஜூன் பருவத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான். 2024 டிசம்பரில் கொஞ்சம் உயர்ந்து 28.86 சதவிகிதம். 2025 ஜூனில் மறுபடி சரிந்து 18.61 சதவிகிதம். அந்த ஜூன் பருவத்தில் தேர்வு எழுதிய 36,000-க்கும் மேற்பட்டவர்களில் வென்றவர்கள் சுமார் 6,700 பேர்.

பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் ஓர் அறிவுரை வெளியிட்டது. 2015 முதல் 2021 வரை, சீனாவில் படித்துவிட்டு இந்தத் தேர்வை எழுதியவர்கள் 40,417 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 6,387 பேர் மட்டுமே என்று அதில் கணக்கு சொல்லியிருந்தது. அதாவது, சுமார் 16 சதவிகிதம்.

அந்த சதவிகிதத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். '80 சதவிகிதம் ஃபெயில்' என்று தலைப்புச் செய்தி வரும்போது, 100 பேர் போனால் 80 பேர் டாக்டராகவே ஆவதில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது சரியல்ல.

ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக எழுதுபவர்களோடு, முன்பு தோற்றவர்களும் சேர்ந்தே எழுதுகிறார்கள். ஒருவர் நான்கு முறை தோற்று ஐந்தாவது முறை வென்றால், நான்கு பருவங்களின் தோல்விக் கணக்கிலும் அவர் இருப்பார். வெற்றிக் கணக்கில் ஒரே ஒரு முறைதான். எனவே, ஒரு பருவத்தின் சதவிகிதம் என்பது ஒரு மாணவரின் தலைவிதி அல்ல.

ஆனால், அதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. முதல் முறையிலேயே பாஸாகிவிடுவோம் என்று நம்பிக் குடும்ப பட்ஜெட் போடக் கூடாது. கணக்குப் பாருங்கள். 18 வயதில் கிளம்பும் பிள்ளை 24 வயதில் திரும்பும். தேர்வுக்கு ஒன்று அல்லது இரண்டு வருடம். பயிற்சிக்கு ஒரு வருடம். கையில் பதிவு எண் வரும்போது 26, 27 வயது ஆகியிருக்கும். நீட் எழுதிய அதே ஆண்டில் இங்கேயே சேர்ந்த நண்பர், ஐந்தரை ஆண்டுகளில் பயிற்சியையும் முடித்துவிட்டு மேற்படிப்புக்குப் போயிருப்பார். கல்விக் கடனின் வட்டி மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காது.

எங்கே இடறுகிறார்கள்?

வெளிநாட்டில் படிப்பவர்கள் எல்லோரும் மக்குகள் என்பதுபோல ஒரு பேச்சு உண்டு. அது அநியாயம். வினாத்தாள் எப்படி அமைகிறது என்று பார்த்தாலே பாதி காரணம் புரிந்துவிடும்.

300-ல் 100 மதிப்பெண் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நோய்க்குறியியல், மருந்தியல் போன்ற அடிப்படைப் பாடங்களுக்கு. மீதி 200, நோயாளியை நேரில் பார்த்துப் படிக்க வேண்டிய பாடங்களுக்கு. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், கண், காது மூக்கு தொண்டை என எல்லாம் இதில் அடக்கம். இதில் சமுதாய மருத்துவம் என்ற ஒரே பாடத்துக்கு மட்டும் 30 மதிப்பெண்.

இந்த சமுதாய மருத்துவம்தான் பலருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது. இந்தியாவின் தடுப்பூசி அட்டவணை, காசநோய் ஒழிப்புத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் அமைப்பு இவையெல்லாம் அந்தப் பாடத்தில் வரும். வேறொரு நாட்டின் கல்லூரி, நம் நாட்டு சுகாதாரத் திட்டங்களை ஏன் பாடமாக நடத்தப் போகிறது? சட்டம் சார்ந்த மருத்துவமும் இப்படித்தான். அதில் இந்தியச் சட்டங்கள் வரும்.

நோய்களும் நாட்டுக்கு நாடு மாறும். பனிப்பிரதேசத்து மருத்துவமனையில் டெங்குவும் பாம்புக்கடியும் அன்றாடக் காட்சி அல்ல. நம் ஊர் ஜி.ஹெச்சில் மழைக்காலத்தில் காய்ச்சல் வார்டு நிரம்பும். கண்ணாடி விரியன் கடித்தவரை எப்படிக் கவனிக்க வேண்டும், கட்டு விரியன் கடித்தவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று ஹவுஸ் சர்ஜன் நள்ளிரவில் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, மொழி. வகுப்பறையில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால், படுக்கையில் இருக்கும் நோயாளி ரஷ்ய மொழியோ, ஜார்ஜிய மொழியோ, சீன மொழியோதான் பேசுவார். அந்த மொழி வராத மாணவர் வார்டில் பின்வரிசையில் நிற்கும் பார்வையாளராகிவிடுகிறார். மூன்றாம் ஆண்டிலிருந்து கற்க வேண்டியதெல்லாம் வார்டில்தான் இருக்கிறது.

என்னோடு பிளஸ் டூ படித்த தோழி ஒருத்தி இப்படிப் படித்துவிட்டு வந்தவள்தான். முதல் முறை 141 மதிப்பெண். 9 மதிப்பெண்ணில் போனது. சென்னையில் ஓர் அறை எடுத்து, கோச்சிங் சேர்ந்து மூன்றாவது முறை பாஸானாள். இடைப்பட்ட அந்தக் காலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். 'எந்த ஆஸ்பத்திரியில இருக்கே?' என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். அவளைவிட அவள் அம்மாதான் அதிகம் ஒளிந்துகொண்டார்.

தேர்வைத் தாண்டி ஹவுஸ் சர்ஜனாகப் போன முதல் வாரத்தை அவள் சொன்னபோது எனக்கு ஆச்சர்யமாக இருந்தது. 6 வருடமாக வேறு மொழியில் நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்து நோயாளிகளிடம் பேசியவளுக்கு, தமிழில் பேசும் நோயாளி கிடைத்ததே பெரிய நிம்மதியாம். ஆனால், ஒரு பாட்டி வந்து 'கிறுகிறுன்னு வருது' என்றபோது திகைத்திருக்கிறாள். அது தலை சுற்றலா, மயக்கமா, பசியா? புத்தகத்தில் அதற்கு மூன்று தனித்தனி அத்தியாயங்கள். பாட்டிக்கு ஒரே சொல். அருகில் இருந்த நர்ஸ் அக்கா அந்தப் பாட்டியிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டு விளக்கம் வாங்கித் தந்தாராம். எந்த நாட்டில் படித்தாலும் இதை இங்கே வந்துதான் கற்க முடியும். பயிற்சிக் காலம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

2021-ல் மாறிய விதிகள்

2021 நவம்பர் 18-ம் தேதி என்.எம்.சி புதிய விதிகளை வெளியிட்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டில் சேர்ந்தவர்களுக்கு இவை பொருந்தும். சுருக்கமாகச் சொன்னால்...

* படிப்புக் காலம் குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும்.
* பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும்.
* தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே கல்வி நிறுவனத்தில் படிக்க வேண்டும்.
* அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். இந்தியா திரும்பிய பிறகு இங்கே இன்னொரு 12 மாதம்.
* படித்த நாட்டிலேயே, அந்த நாட்டுக் குடிமகனுக்கு இணையாக மருத்துவம் பார்க்கும் தகுதியைத் தருவதாக அந்தப் பட்டம் இருக்க வேண்டும்.
* சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும்.

ஐந்தாவது விதியை இரண்டு முறை படியுங்கள். சில நாடுகள் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பட்டம் கொடுக்கும். அங்கே தொழில் செய்யும் உரிமை கொடுக்காது. 'நாங்கள் படிக்க வைக்கிறோம், ஆனால் எங்கள் மக்களுக்கு நீங்கள் வைத்தியம் பார்க்க வேண்டாம்' என்று ஒரு நாடு சொன்னால், அந்தப் பட்டத்தை இந்தியா ஏற்காது.

54 மாதக் கணக்கும் சிலரை இடறவைத்திருக்கிறது. பிலிப்பைன்ஸில் வழக்கமாக முதலில் பி.எஸ் என்ற அடிப்படைப் படிப்பு. அதன் பிறகு 4 ஆண்டு எம்.டி. 4 ஆண்டு என்றால் 48 மாதம்தான். அந்த பி.எஸ் படிப்பைக் கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா என்று தெரியாமல் பல குடும்பங்கள் தவித்தன.

உக்ரைன் சொல்லிக்கொடுத்த பாடம்

2022 பிப்ரவரி 24. உக்ரைனில் போர் தொடங்கியது. சுமார் 22,500 இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். பெரும்பாலானோர் மருத்துவ மாணவர்கள். தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். உயிரோடு வந்து சேர்ந்த நிம்மதி ஒருபக்கம். 'இனி படிப்பு என்னாகும்?' என்ற கேள்வி மறுபக்கம்.

இந்தியக் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து படிக்க அனுமதி தரப்பட்டது. ஆன்லைனிலேயே இறுதியாண்டை முடித்தவர்கள் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 மார்ச்சில் அவர்களுக்கு ஒரே ஒரு முறை சலுகையாக, இந்திய எம்.பி.பி.எஸ் இறுதித் தேர்வின் இரு பகுதிகளையும் ஓராண்டுக்குள் எழுதி, அதன் பிறகு 2 ஆண்டுகள் பயிற்சி முடிக்கும் வழி திறந்தது. கொரோனாவால் சீனாவுக்குத் திரும்ப முடியாமல் வீட்டிலிருந்தே படித்தவர்களும் இதே சிக்கலில் மாட்டியிருந்தார்கள்.

ஆன்லைனில் படித்த மாதங்களை நேரடி வகுப்பில் ஈடுசெய்ததற்கான சான்று, கூடுதல் காலப் பயிற்சி என அதன் தொடர்ச்சி பல ஆண்டுகள் நீண்டது. மருத்துவம் வார்டில் கற்கும் படிப்பு. வார்டைப் பார்க்காத மாதங்களை எந்த நாடும் அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

பாஸான பிறகும் ஒரு வரிசை

தேர்வு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் அடுத்த காத்திருப்பு தொடங்குகிறது. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பயிற்சி இடங்களுக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு மருத்துவக் கல்லூரியின் மொத்த இடங்களில் 7.5 சதவிகிதம் வரை கூடுதலாக இவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என்.எம்.சி-யின் வழிகாட்டுதல். அதாவது, 100 மாணவர்கள் படிக்கும் கல்லூரியில் 7 பேர். ஒரே பருவத்தில் பலர் தேர்ச்சி பெற்றால், இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழகத்தில் இந்தப் பயிற்சிக்கான கட்டணம் ஒரு காலத்தில் லட்சங்களில் இருந்தது. 2022-ல் மாநில அரசு அதைப் பெருமளவு குறைத்தது. இங்கே படித்த பயிற்சி மருத்துவர்களுக்குத் தரும் அதே ஊக்கத்தொகையை இவர்களுக்கும் தர வேண்டும் என்று என்.எம்.சி கூறியிருக்கிறது. சில கல்லூரிகள் தராமல் இழுத்தடித்த விவகாரத்தில், 2024-ல் உச்ச நீதிமன்றமும் தலையிட்டு அதையே வலியுறுத்தியது. ஒரே வார்டில், ஒரே நைட் டியூட்டி பார்க்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் சம்பளம் என்றால் அது எப்படி நியாயமாகும்?

இவ்வளவு கெடுபிடி தேவையா?

மாணவர்கள் பக்கமிருந்து வரும் கேள்வி இது. அதில் நியாயமும் இருக்கிறது. இங்கே படிப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகத் தேர்வோடு முடித்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு தேர்வு. 'அதே வினாத்தாளை இங்கே படித்தவர்களுக்கும் கொடுத்துப் பாருங்களேன்' என்கிறார்கள். அதற்காகத்தான் எல்லோருக்கும் பொதுவாக 'நெக்ஸ்ட்' என்ற தேர்வு 2019-ம் ஆண்டு சட்டத்திலேயே சொல்லப்பட்டது. அது வந்தால் எங்கே படித்தவராக இருந்தாலும் ஒரே வினாத்தாள். ஆனால், 2023-ல் அது தள்ளிவைக்கப்பட்டது.

தேர்வின் வடிவத்தின் மீதும் கேள்வி உண்டு. வெளிநாட்டு டாக்டர்கள் இங்கிலாந்தில் பதிவு பெற எழுதும் 'பிளாப்' தேர்வில் இரண்டு கட்டங்கள். முதலாவது எழுத்துத் தேர்வு. இரண்டாவதில், நடிகர்கள் நோயாளிகளாக எதிரே அமர்ந்திருப்பார்கள். அவர்களிடம் பேசி, பரிசோதித்து, ஆறுதலும் சொல்லிக் காட்ட வேண்டும். நம் டாக்டர்கள் அங்கே போகும்போது இதை எழுதித்தான் போகிறார்கள். நம் எஃப்.எம்.ஜி.இ-யில் அப்படிச் செய்முறைக் கட்டம் எதுவும் இல்லை. விடையைத் தேர்வு செய்தால் போதும். ஊசி போடத் தெரியுமா, நோயாளியிடம் பேசத் தெரியுமா என்பதை அது கேட்பதில்லை.

ஆனால், தேர்வே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? 2022 டிசம்பரில் சி.பி.ஐ ஒரு வழக்கு பதிவுசெய்தது. ஸ்கிரீனிங் தேர்வில் தேர்ச்சி பெறாமலேயே மாநில கவுன்சில்களில் டாக்டர்களாகப் பதிவு பெற்றதாக 73 பேர் மீதும், 14 மாநில மருத்துவ கவுன்சில்கள் மீதும் குற்றச்சாட்டு. நாடு முழுக்க 91 இடங்களில் சோதனை நடந்தது. நம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து தூக்கிக்கொண்டு ஓடும்போது, எதிரே நிற்கும் டாக்டர் யார், எங்கே படித்தார் என்று விசாரிக்க நமக்கு நேரம் இருக்காது. நமக்குப் பதிலாக யாரோ ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணின் அர்த்தமே அதுதான்.

பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். நோயாளிகளாக நாமும் ஒன்று செய்யலாம். மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயருக்குக் கீழே பதிவு எண் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், என்.எம்.சி இணையதளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. 'என்.எம்.சி அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்கிறாரா ஏஜென்ட்? அங்கேயே உஷாராகுங்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளை அங்கீகரித்து என்.எம்.சி பட்டியல் எதுவும் வெளியிடுவதில்லை. விதிகளை மட்டுமே சொல்கிறது. பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

2. பயிற்சி நீங்கலாக, படிப்புக் காலம் 54 மாதம் வருகிறதா? எழுத்தில் கேளுங்கள்.

3. கடைசி ஆண்டு வரை பயிற்றுமொழி ஆங்கிலம்தானா? முதல் மூன்று ஆண்டு ஆங்கிலம், பிறகு உள்ளூர் மொழி என்றால் சிக்கல்.

4. 12 மாதப் பயிற்சியை அதே நிறுவனத்தில் தருகிறார்களா?

5. அந்த நாட்டில் டாக்டராகப் பணியாற்றும் உரிமை இந்த மாணவருக்குக் கிடைக்குமா? அதற்குத் தனி லைசென்ஸ் தேர்வு உண்டா?

6. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? எத்தனை படுக்கைகள்? மாணவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்க்க அனுமதி உண்டா?

7. அந்தக் கல்லூரியில் படித்து எஃப்.எம்.ஜி.இ பாஸான சீனியர்கள் இருவரிடமாவது பேச முடியுமா? ஏஜென்ட் அறிமுகம் செய்பவர்களை மட்டும் நம்பாமல், நீங்களே தேடிப் பேசுங்கள்.

8. இந்தியத் தூதரகமோ என்.எம்.சி-யோ அந்த நாடு, அந்தக் கல்லூரி பற்றி எச்சரிக்கை எதுவும் வெளியிட்டிருக்கிறதா? 2025-ல்கூட பெலிஸ், உஸ்பெகிஸ்தான் நாடுகளில் உள்ள சில நிறுவனங்கள் குறித்து எச்சரிக்கை வந்தது.

இவற்றில் ஏதேனும் ஒரு கேள்விக்கு 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால், செக் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்தால்?

பதற வேண்டாம். மூன்றாம் ஆண்டிலிருந்தே இந்தியப் பாடநூல்களையும் சேர்த்துப் படிக்கத் தொடங்குங்கள். சமுதாய மருத்துவத்தைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்காதீர்கள். 30 மதிப்பெண் என்பது பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவே இருக்கும் தூரம். உள்ளூர் மொழியை முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள். அது அங்கே காய்கறி வாங்க மட்டுமல்ல, நோயாளியின் பக்கத்தில் நிற்கவும்தான். பாஸ்போர்ட் முத்திரைகள், வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல், பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் ஆண்டுதோறும் வாங்கி, நகல் எடுத்து வையுங்கள். ஊர் திரும்பிய பிறகு ஒரு சான்றுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

தேர்வுக்குப் படிக்கும் காலத்தில், 'நைட் டியூட்டி மட்டும் பார்த்துக்கொடுங்கள்' என்று சிறிய கிளினிக்குகள் அழைக்கலாம். கடன் நெருக்கும்போது மனம் சபலப்படும். பதிவு எண் இல்லாமல் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். அங்கே ஏதாவது ஒன்று தவறாகப் போனால், நோயாளிக்கும் ஆபத்து, 6 வருடப் படிப்புக்கும் ஆபத்து.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மூன்றாவது முறை எழுதும் மகனிடமும் மகளிடமும் 'இந்த முறையாவது வந்துடுமா?' என்று தினமும் கேட்காதீர்கள். அவர்கள் அதைத் தங்களுக்குள்ளேயே தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கல்விக் கடனுக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்குமா என்று வங்கியில் முன்கூட்டியே பேசிவையுங்கள். இன்னும் ஒரு பருவத்துக்கான செலவைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் முறையிலேயே பாஸாகிவிட்டால், அந்தப் பணத்தில் ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் கொடுங்கள்!